பழைய பிக்கப்பை மலைக்குத் தயார் செய்வது: கம்பம், போடி எல்லையில் தொடங்குகிறவர்களுக்கு

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பின்னால் படுக்கை போட்டு, மலைத்தடங்களில் நாள்கணக்கில் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது விஞ்ச் (சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் கம்பிவடச் சுருள்) எது நல்லது, கூரைக் கூடாரம் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். பிரேக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது விஞ்சால் ஒரு பயனும் இல்லை. அதனால் இந்தக் கட்டுரை கீழிருந்து மேலே போகிறது. முதலில் சேசிஸ் எனும் அடிச்சட்டம், அடுத்து பிரேக்கும் ரேடியேட்டரும், பிறகு பட்டை எனும் கமான் ஸ்பிரிங்கும் டயரும். படுக்கையும் விளக்கும் கடைசியில். பாதி வழியில் பணம் தீர்ந்துபோனாலும் மலையேறக்கூடிய ஒரு வண்டி கையில் இருக்க வேண்டுமானால் இந்த வரிசையைக் கலைக்காதீர்கள்.

தேனி மாவட்டத்துக்கும் இடுக்கிக்கும் நடுவே நிற்கும் மலையை மனதில் வைத்தே எழுதுகிறேன். விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். அந்த ஜீப்புகளை நம்பித்தான் இங்கே பட்டறையும் லேத்தும் பட்டைக் கடையும் பிழைக்கின்றன. உங்கள் வண்டியும் அதே பட்டறைகளில் பழுது பார்க்கக்கூடியதாக இருப்பது பெரிய சௌகரியம்.

எந்த வண்டி?

பழைய சந்தையில் கண்ணில் படுகிறவை பொலேரோ கேம்பர், டாடா 207, டாடா செனான், ஸ்கார்பியோ கெட்டவே, 2016க்குப் பிறகு வந்த இசுசு வி-கிராஸ். இசுசு ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி ஆலையில் செய்யப்பட்டது. ஓட்டச் சுகமும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட நல்ல வண்டிதான். ஆனால் அதன் உதிரிபாகத்துக்குப் பெரிய ஊரைத்தான் பார்க்க வேண்டும். 207 பெரும்பாலும் பின்சக்கர இழுவை. எஞ்சின் உழைக்கும், சேற்றில் தவிக்கும். நான்கு சக்கர இழுவையுள்ள பொலேரோ கேம்பர் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு, வீல் பேரிங் எதுவானாலும் உத்தமபாளையம் அளவிலான ஊரில் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

கேபின் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். டபுள் கேபின் வண்டியில் பின்தொட்டியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். நிமிர்ந்து படுக்க முடியாது, பின்கதவைத் திறந்து போட்டுத்தான் காலை நீட்ட வேண்டும். இரண்டு பேர் மட்டும் போவதென்றால் சிங்கிள் கேபின் வண்டியே நல்லது. உள்ளே கால் நீட்டிப் படுக்கலாம், கூரைக் கூடாரச் செலவும் மிச்சம்.

வாங்கும் முன்

வண்டி முன்பு என்ன லோடு ஓடியது என்று கேளுங்கள். ஏலக்காய் மூட்டையும் காய்கறியும் ஏற்றிய வண்டிக்கும் கல், மணல் ஏற்றிய வண்டிக்கும் சேசிஸில் வித்தியாசம் தெரியும். எல்லாவற்றையும் விட மோசம் மீன் லோடு. பனிக்கட்டி உருகிய உப்புத் தண்ணீர் தொட்டியின் அடியில் சொட்டிச் சொட்டி, மேலே பெயின்ட் பளபளத்தாலும் கீழே இரும்பு பொரிந்து போயிருக்கும்.

படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சிறு சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அடியில் நுழையுங்கள். சேசிஸை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; துரு தின்ற இடம் மங்கிய சத்தம் தரும், செதிலாகவும் உதிரும். பட்டையின் ஹேங்கர்கள் சேசிஸில் பொருந்தும் இடம், ஸ்டீயரிங் பெட்டி பொருந்தும் இடம், கேபினுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட பகுதி ஆகிய மூன்றிலும் விரிசலோ புதிய வெல்டிங்கோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், கியர் பெட்டியை மாற்றலாம், சேசிஸ் போனால் வண்டி போனதுதான்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே அது சூடாக இருந்தால் காரணம் இருக்கும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை தொடர்ந்தால் எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

நான்கு சக்கர இழுவையை மண் தரையில் போட்டுச் சோதியுங்கள். ஹை, லோ ஆகிய இரண்டு கியர் நிலைகளிலும் முன்னும் பின்னும் ஓட்டி, கழற்றும்போது தடையில்லாமல் கழல்கிறதா என்று பாருங்கள். இந்தப் பழைய வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே டிஃபரென்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் இணைத்து வளைவு திரும்பினால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். பழைய உரிமையாளருக்கு இது தெரியாமல் இருந்தால் இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டி அடிபட்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

பலரும் தாண்டிப் போகும் பகுதி இது. பிற்பாடு கேரளச் சோதனையில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் பொருத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

ஆகவே சேசிஸை வெட்டுவது, வண்டியை உயர்த்துவது, பாடியை மாற்றுவது ஆகியவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவதும் இதைத்தான். தொட்டிக்குள் வைத்துக் கழற்றக்கூடிய பெட்டி, படுக்கை, தண்ணீர் டாங்க் ஆகியவை சாமான் கணக்கில் சேரும். உங்கள் கைவண்ணத்தை அங்கே காட்டுங்கள். எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் நான்கு போல்ட்டைக் கழற்றி வீட்டில் இறக்கி வைத்துவிடலாம்.

பிக்கப்புகளில் பெரும்பாலானவை மஞ்சள் பலகைச் சரக்கு வண்டிகள். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றித் தருவார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். ஓடும் வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது. தோட்டத்துப் பாதையில் மற்றவர்கள் ஏற்றுகிறார்கள் என்பது குமுளி சோதனைச்சாவடியில் செல்லுபடியாகும் பதில் அல்ல.

பிரேக்

வண்டி கைக்கு வந்ததும் முதல் செலவு இதற்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியாகும். பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். முழு ஆயிலையும் மாற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும், பின் டிரம்மின் வீல் சிலிண்டர்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இவை விலை குறைந்த பொருட்கள்தான்.

பல பிக்கப்புகளில் பின்னச்சுக்கு மேலே, சேசிஸில், கையடக்கமான ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். தொட்டியில் சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளிப் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருந்தால் குறைக்கும். பட்டையை உயர்த்தியவர்கள் இந்தக் கம்பியை மறந்துவிடுவார்கள். வண்டி எப்போதும் காலியாக இருப்பதாக வால்வு கணக்கிட்டு, முழுச்சுமையிலும் பின்பிரேக்கைப் பாதியளவுதான் பிடிக்க விடும். சில பட்டறைகளில் அந்தக் கம்பியைக் கழற்றிக் கட்டிவைப்பதும் உண்டு. உங்கள் வண்டியில் அது சேர்ந்திருக்கிறதா, துரு ஏறி இறுகாமல் அசைகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

டீசல் மிச்சம் பிடிக்க, எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறக்குவது இந்த மலையில் பழைய வழக்கம். மிதிக்கும் வலுவைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தருவது எஞ்சினோடு சுழலும் பம்ப். எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ரேடியேட்டர்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது, வெயிலில், லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தால்தான் ரேடியேட்டரின் யோக்கியதை தெரியும். பழைய வண்டியென்றால் அதைக் கழற்றி, கடையில் கொடுத்து உள்ளே சுத்தம் செய்துவிடுங்கள். மூடி, ஹோஸ், ஃபேன் பெல்ட் மூன்றையும் புதிதாகப் போட்டு, கழற்றிய பெல்ட் நன்றாக இருந்தால் இருக்கைக்கு அடியில் வையுங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

சூடாகிறது என்று சொன்னால் “தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடலாம் அண்ணே, ஒன்றும் ஆகாது” என்பார் மெக்கானிக். ஆகும். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது; அது இல்லாவிட்டால் மூணாறு குளிரில் எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமலேயே ஓடும், டீசல் கூடும், தேய்மானமும் கூடும். புதிய தெர்மோஸ்டாட்டைப் போடச் சொல்லுங்கள்.

பட்டையும் டயரும்

ஒரு டன் சுமைக்கு அடித்த கமான் பட்டை காலி வண்டியில் துள்ளும். உடனே பட்டையைக் கழற்றவோ சேர்க்கவோ ஓடாதீர்கள். நீங்கள் ஏற்றப்போகும் சாமான் 200, 250 கிலோவைத் தொட்டுவிடும். பாதித் துள்ளல் அதிலேயே அடங்கும். புஷ், ஷேக்கிள் பின், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை மாற்றுங்கள். பட்டையைப் பிரித்தால், அதை அச்சோடு கட்டும் யு-போல்ட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும். ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே இறுக்கம் தராது. பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு நகர்ந்து வண்டி நண்டு மாதிரிச் சாய்ந்து ஓடும், எனவே அதிலும் ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள்.

டயரில் பெரிய பட்டன் வைத்த சேற்று டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும். இங்கே முக்கால்வாசி ஓட்டம் நனைந்த தார்ச்சாலையில்தான். அங்கே அது சறுக்கும், காதையும் குடையும். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான, ஏ.டி. எனப்படும் டயர் போதும். அளவைக் கூட்டும் ஆசைக்கு ஒரு கணக்கு: 215/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ.; 235/75 ஆர்15 என்றால் 73. கிரவுனுக்கும் (அச்சின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டி) தரைக்கும் நடுவே கிடைப்பது ஒன்றரை செ.மீ. கூடுதல் உயரம். அதற்கு விலையாக மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62ஐத் தாண்டியிருக்கும், ஏற்றத்தில் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். ஆர்.சி.யில் உள்ள அளவிலேயே நல்ல டயர் வாங்குவது என் பரிந்துரை.

டயரின் அளவை விடக் காற்றழுத்தம் அதிகம் உதவும். தார்ச்சாலையில் நிறுவனம் சொன்ன அழுத்தம். செம்மண் சேற்றிலும் உருளைக்கல் பாதையிலும் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தரையில் விரிந்து பிடிக்கும். தார் ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும், எனவே பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸரும் கேஜும் அவசியம். டியூப் உள்ள டயரில் இதைச் செய்யாதீர்கள். டயர் ரிம்மில் நழுவினால் டியூபின் வால்வு வேரோடு கிழிந்துவிடும்.

ஓடைத் தண்ணீர்

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மலையின் மேற்குச்சரிவில் இரண்டும் பெய்யும். நேற்று கடந்த ஓடை இன்று கடக்க முடியாததாக இருக்கும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் நின்றுவிடுங்கள், இறங்கி நடந்து பார்க்காமல் வண்டியை விடாதீர்கள்.

ஸ்நோர்கல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று இருக்கிறது. பின்னச்சின் மேலே, தூசியில் மறைந்து, விரல்நுனி அளவில் ஒரு தொப்பி தெரியும். கிரவுன் பெட்டி சூடாகும்போது உள்ளேயிருக்கும் காற்று வெளியேறும் வழி அது. மணிக்கணக்கில் ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆழமாக ஓடை கடந்த பிறகு கிரவுனின் டிரெயின் போல்ட்டைத் தளர்த்திச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். கியர் ஆயில் கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. வெளுத்துக் குழம்பாக வந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும், விட்டால் பேரிங் போகும். தொப்பியைக் கழற்றி, அதே திருகில் ஒரு நிப்பிளைப் போட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயைப் பின்விளக்கின் உயரம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். முன்னச்சுக்கும் கியர் பெட்டிக்கும் இதே போல் செய்யலாம்.

தண்ணீரிலிருந்து ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நனைந்த டிரம் பிடிக்காது. எஞ்சின் தண்ணீருக்குள் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பின்தொட்டி

ஒவ்வொரு பொருளையும் கிலோவில் எழுதுங்கள். தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. 19 மி.மீ. பிளைவுட் முழுப்பலகை ஒன்றே 35 கிலோ அளவுக்கு வரும். அலமாரி, இழுப்பறை என்று மூன்று பலகை அடித்தால் ஒரு பெரிய ஆளையும் ஒரு சிறுவனையும் கூடவே ஏற்றிக்கொண்டு போவது போலத்தான். 12 மி.மீ. பலகையும் அலுமினியக் கோணமும் போதும். கனமானவை கேபினை ஒட்டி, கீழே. கூரையில் படுக்கையும் போர்வையும் தவிர எதுவும் வேண்டாம். சரிவில் ஒருபக்கம் சாய்ந்து போகும்போது தலைக்கு மேலே உள்ள 60 கிலோ கூடாரம் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். சாமான் ஏற்றி முடித்ததும் எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள்.

கேனில் டீசல் சுமக்கத் தேவையில்லை. போடியிலிருந்து மூணாறு 70 கி.மீ. சொச்சம், இடையிலும் பங்க் உண்டு. பாலைவனப் பயணத்துக்காக எழுதிய பட்டியலை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. இந்த மலையில் உங்களைத் தொல்லைப்படுத்துவது மழையும் அட்டையும். தொட்டிக்கு மேல் குழாய்ச் சட்டமும் கனத்த தார்ப்பாயும், பக்கவாட்டில் காற்றோட்டத்துக்குக் கொசுவலை வைத்த திறப்பும், காலுறைக்கு மேல் தேய்க்க உப்பும் மூக்குப்பொடியும் இருந்தால் இரவு கழிந்துவிடும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 45 வாட் குளிர்பெட்டி 12 வோல்ட் பேட்டரியில் நாளில் பாதி நேரம் ஓடினால் 45 ஆம்பியர்-மணி செலவு. 100 ஆம்பியர்-மணி சாதாரண பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் எடுக்கலாம். ஆக, நிறுத்திய இடத்தில் ஒரு நாள் ஓடும். நெடுங்கண்டத்திலும் பூப்பாறையிலும் கடை இருக்கும்போது குளிர்பெட்டி எதற்கு என்பது என் கட்சி. இரண்டாவது பேட்டரி வைத்தே தீருவேன் என்றால் முதல் பேட்டரியைக் காலி செய்யாதபடி ஐசொலேட்டர் போடுங்கள், ஒவ்வொரு ஒயரிலும் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள். கூடுதல் விளக்குகளுக்குக் கேரளத்தில் அபராதம் விழும்.

சிக்கினால்

இழுக்கும் கொக்கி சேசிஸில் பொருந்தியிருக்க வேண்டும். பம்பரிலோ டிரெய்லர் உருண்டையிலோ கயிற்றை மாட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு குண்டு போலப் பறக்கும். கயிறு விறைக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. நல்ல இழுகயிறு, கயிற்றை மாட்ட இரண்டு டி-ஷேக்கிள் வளையம், ஒரு மண்வெட்டி, சேற்றில் ஜாக்கி புதையாமலிருக்க இரண்டு அங்குலக் கனமுள்ள ஒரு பலகை ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். விஞ்ச் பிறகு வரட்டும்.

பெரும்பாலான நேரம் உங்களை மீட்கப்போவது பின்னால் வரும் தோட்டத்து ஜீப். ஓட்டுநர் தமிழர் என்றால் “அண்ணே”, மலையாளி என்றால் “சேட்டா”. ஹாரன் அடித்துக் கூப்பிடாமல் இறங்கிப் போய்ப் பேசுங்கள். என்ன தர வேண்டும் என்பதைக் கயிறு மாட்டும் முன்பே கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஆள் ஏற்றி வரும் ஜீப்பென்றால் நீங்கள் ஏறினாலும் இறங்கினாலும் ஒதுங்கி நில்லுங்கள். அவர்கள் கூலிக்கு நேரமாகிறது.

எங்கே தங்கலாம்

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தடம் மாறி ஓட்டுவதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடந்த காட்டுத்தீ மரணங்களுக்குப் பிறகு வனத்துறை இந்தப் பகுதியில் கண்டிப்பாகவே இருக்கிறது. விறகு அடுப்பைக் கனவிலும் நினைக்காதீர்கள். தனியார் தோட்டத்தில் மேலாளரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பாதை உள்ளூர் ஜீப்புகளின் பிழைப்பு. அங்கே அவர்கள் வண்டியிலேயே ஒருமுறை போய்வந்தால், கல்லில் சக்கரத்தை எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அரிசி, வாழைப்பழம், பலாப்பழம் எதையும் இரவில் தொட்டியில் திறந்து வைக்காதீர்கள். சின்னக்கானலில் ரேஷன் அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற காட்டுயானை, 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டுக்கு மாற்றப்பட்டு, அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருவில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு மணம் பிடிக்கிற விலங்குக்குத் தார்ப்பாய் ஒரு தடையே அல்ல.

முதல் ஓட்டம்

கரட்டுப்பாதைக்கு உடனே போகாதீர்கள். முழுச்சுமையோடு போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கி ஊர் திரும்புங்கள். முழுக்கத் தார்ச்சாலை, ஒரு பெரிய ஏற்றம், ஒரு பெரிய இறக்கம். போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தும்போது வெப்பமானியைப் பாருங்கள். லோயர் கேம்ப்பில் இறங்கியதும் நான்கு சக்கர ரிம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் மற்றவற்றை விட அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. வீடு வந்ததும் யு-போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் டார்க் ஸ்பானரால் மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் போட்ட யு-போல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கட்டாயம் தளரும். அதே நாளில் அடியில் படுத்து, ஆயில் கசிவு புதிதாக எங்காவது தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.